எண்ணும் அறையின் கணக்கு: லாஸ் வேகாஸை வளர்த்த கும்பல் பணம்

1957 மே 2ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் தன் அடுக்ககத்தின் முகப்புக் கூடத்துக்குள் நுழைந்த ஃபிராங்க் காஸ்டெல்லோவின் தலையைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். குண்டு தோலைக் கீறிக்கொண்டு போனதால் அவர் பிழைத்தார். மருத்துவமனையில் காவலர்கள் அவருடைய சட்டைப் பையைச் சோதித்தபோது கையால் எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஏப்ரல் 27 வரை சூதாட்டத்தில் கிடைத்த மொத்த வரவு 6,51,284 டாலர் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஏப்ரல் மாதம்தான் லாஸ் வேகாஸில் திறக்கப்பட்டிருந்த டிராப்பிகானா விடுதியின் கணக்கோடு அந்தத் தொகை ஒத்துப்போவதை நெவாடா அதிகாரிகள் கண்டறிந்தனர். டிராப்பிகானாவின் உரிமையாளர் பட்டியலில் காஸ்டெல்லோவின் பெயர் எங்கும் இல்லை.

சுட்டவன் யார், ஏன் சுட்டான் என்பது வேறு கதை. சூதாட்டம் சட்டப்படி நடந்து, அரசு உரிமம் கொடுத்து, வரியும் வசூலித்துவந்த ஒரு மாநிலத்தில், மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு நிழலுலகத் தலைவரின் பைக்குள் ஒரு விடுதியின் வரவுக் கணக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. லாஸ் வேகாஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொலைகளைச் சுற்றியே நடக்கிறது. அந்த நகரின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ளக் கொலைகளைவிடக் கடன் பத்திரங்களும் நாணய எடைக் கருவிகளும் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கும்பல் வருவதற்கு முன்

லாஸ் வேகாஸ், 1905 மே 15 அன்று ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதில் பிறந்த ஊர். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 5,165 பேர் வாழ்ந்தனர். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை நெருக்கிய நேரத்தில், 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃபிரெட் பால்சார் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். அதே ஆண்டில், விவாகரத்துக்காக நெவாடாவில் குடியிருக்க வேண்டிய காலம் ஆறு வாரமாகக் குறைக்கப்பட்டது. ஹூவர் அணையின் கட்டுமானமும் அதே ஆண்டில் தொடங்கியது. அணைத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு எழுப்பிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்கு இடமில்லை. அதனால் கூலிப் பணம் வார இறுதியில் லாஸ் வேகாஸுக்கு வந்தது.

நகர எல்லைக்கு வெளியே, கலிஃபோர்னியா நோக்கிச் செல்லும் 91ஆம் எண் நெடுஞ்சாலையில், 1941இல் தாமஸ் ஹல் என்ற விடுதி அதிபர் எல் ராஞ்சோ வேகாஸைத் திறந்தார். அடுத்த ஆண்டு லாஸ்ட் ஃபிரான்டியர் வந்தது. போர்க்காலத்தில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியும் மக்னீசிய ஆலையும் ஆயிரக்கணக்கானோரை அந்தப் பாலைவனத்துக்கு அழைத்துவந்தன. ஆகவே வெறும் மணலைப் பார்த்து ஒரு ரவுடி கனவு கண்டான், அங்கே நகரம் எழுந்தது என்ற பிரபலமான கதை வரலாற்றோடு பொருந்தாது. அணை, போர், நெடுஞ்சாலை, குளிர்சாதன வசதி, அருகிலிருந்த லாஸ் ஏஞ்சலீஸின் மக்கள்தொகை ஆகியவை முன்பே களத்தைத் தயார் செய்திருந்தன. விடுதிகளைப் பெரிய அளவில் கட்டுவதற்கான மூலதனம்தான் அங்கே இல்லாமல் இருந்தது.

வங்கிகள் ஒதுங்கிய இடம்

சூதாட்ட விடுதிக்குக் கடன் கொடுக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முன்வரவில்லை. நெவாடாவைத் தவிர மற்ற மாநிலங்களில் குற்றமாகக் கருதப்பட்ட ஒரு தொழிலுக்குப் பணம் கொடுத்ததாகத் தங்கள் பெயர் அடிபடுவதை அவை விரும்பவில்லை. மறுபக்கத்தில், 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் கடத்திப் பணம் சேர்த்தவர்கள் அந்தப் பணத்தைப் போடுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் பணத்தோடு தொழில்திறனும் இருந்தது. கிளீவ்லாந்து, நியூயார்க், மயாமி, கென்டக்கி என்று பல இடங்களில் சட்டவிரோதச் சூதாட்டக் கூடங்களை நடத்தி, ஏமாற்றும் ஆட்டக்காரரை அடையாளம் காண்பது, கடனில் ஆட விடுவது, பெரும் தொகைகளைக் கையாள்வது ஆகியவற்றை அவர்கள் கற்றிருந்தனர். அந்த அனுபவம் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தவர்களிடம் இருக்க வழியே இல்லை.

பெஞ்சமின் சீகல், 'பக்ஸி' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர், குதிரைப் பந்தய முடிவுகளைத் தந்திவழி அனுப்பும் சேவையைக் கைப்பற்றுவதற்காக 1940களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸுக்கு வந்தார். 1945இல் அவரும், மேயர் லான்ஸ்கி என்ற பெயருடைய நிழலுலகத் தலைவரும், கூட்டாளிகளும் எல் கார்டெஸ் விடுதியை வாங்கி, மறு ஆண்டே லாபத்துக்கு விற்றனர். ஃபிளமிங்கோ விடுதியின் திட்டம் சீகலுடையது அன்று. ஹாலிவுட்டில் பத்திரிகை நடத்திய பில்லி வில்கர்சன் தொடங்கி, பணம் தீர்ந்து நின்றுபோன வேலையையே கும்பல் எடுத்துக்கொண்டது. போருக்குப் பிந்தைய கட்டுமானப் பொருள் தட்டுப்பாட்டில் செலவு 60 லட்சம் டாலர் அளவுக்கு ஏறியது. 1946 டிசம்பர் 26 அன்று சூதாட்டக் கூடம் திறந்தபோது தங்கும் அறைகள் முடிந்திருக்கவில்லை. ஃபிளமிங்கோவில் ஜெயித்தவர்கள் அந்தப் பணத்தோடு உறங்க வேறு விடுதிக்குப் போனார்கள். ஜனவரி இறுதியில் மூடப்பட்ட விடுதி மார்ச் மாதம் மறுபடியும் திறந்து, லாபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், 1947 ஜூன் 20 அன்று பெவர்லி ஹில்ஸில் சீகல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்த கஸ் கிரீன்பாம் விடுதியைத் திறமையாக நடத்தினார். சீகலின் மரணம் கதையாசிரியர்களுக்குத் தீனியானது. தொழிலைப் பொறுத்தவரை கிரீன்பாமின் நிர்வாகம்தான் முன்னுதாரணம் ஆயிற்று. அந்தக் கிரீன்பாமும் 1958இல் ஃபீனிக்ஸில் தம் வீட்டில் மனைவியோடு கொலையுண்டார்.

கும்பல் மூலதனம் எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஃபிளமிங்கோவைவிட டெசர்ட் இன் தெளிவான எடுத்துக்காட்டு. வில்பர் கிளார்க் என்பவர் 1947இல் கட்டத் தொடங்கி, பணமின்றிப் பாதியில் நிறுத்தினார். கிளீவ்லாந்தின் மோ டாலிட்ஸும் கூட்டாளிகளும் பணம் கொடுத்துப் பெரும்பங்கை எடுத்துக்கொண்டனர். 1950 ஏப்ரலில் விடுதி திறந்தபோது வாசல் பலகையில் 'வில்பர் கிளார்க்கின் டெசர்ட் இன்' என்றே எழுதியிருந்தது. நம்மிடம் இதற்கு ஒரே சொல்லில் பெயர் உண்டு: பினாமி. குற்றப் பின்னணி இல்லாத முகம் ஒன்று உரிமத்துக்கு விண்ணப்பிக்கும். பணம் போட்டவர்கள் எழுத்தில் வராத பங்குகளை வைத்திருப்பார்கள். அந்த மறைவுப் பங்குகளை அவர்கள் 'பாயிண்ட்' என்று அழைத்தனர். டாலிட்ஸ் அளவுக்குத் துணிந்தவர்கள் தங்கள் பெயரிலேயே உரிமமும் பெற்றனர்.

1950 நவம்பர் 15 அன்று செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர் தலைமையில் குற்றக் கும்பல்களை ஆராய்ந்த செனட் குழு லாஸ் வேகாஸில் விசாரணை நடத்தியது. அதன் விளைவு குழு எண்ணியதற்கு நேர்மாறாக முடிந்தது. குழுவின் அமர்வுகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்ததால், மற்ற மாநிலங்களின் காவல்துறைகள் சட்டவிரோதக் கூடங்களை மூடத் தொடங்கின. வேலையிழந்த நடத்துநர்களும் சீட்டு வழங்குநர்களும் கணக்காளர்களும் தங்கள் தொழில் குற்றமாகாத ஒரே மாநிலத்துக்கு வந்து குவிந்தனர். சூதாட்டத்தின் மொத்த வரவில் 10 விழுக்காட்டை மத்திய அரசு வரியாக எடுக்கலாம் என்ற யோசனையை நெவாடாவின் செனட்டர் பாட் மெக்கேரன் எதிர்த்து முடக்கினார். மெக்கேரனுக்குச் சூதாட்டத்தின் மேல் மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் மாநிலத்தில் மிஞ்சுவது என்ன என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. 1945 முதல் மாநிலமே உரிமம் வழங்கி மொத்த வரவில் ஒரு பங்கை எடுத்துவந்ததால், அரசும் அந்த மேசையில் அமர்ந்திருந்த ஒரு கூட்டாளிதான்.

நகராட்சி வரியும் பேச்சுக்கு வந்தது. நெடுஞ்சாலையோர விடுதிகளை நகர எல்லைக்குள் சேர்க்க லாஸ் வேகாஸ் நகராட்சி முயன்றபோது, விடுதி அதிபர்களின் விருப்பப்படி 1950 டிசம்பரில் 'பாரடைஸ்' என்ற தனிப் பகுதியை மாவட்ட நிர்வாகம் உருவாக்கியது. உலகமே லாஸ் வேகாஸ் என்று படம்பிடிக்கும் அந்தச் சாலை இன்றுவரை பெரும்பாலும் லாஸ் வேகாஸ் நகராட்சிக்குள் இல்லை.

1955இல் நெவாடா ஒரு சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. 1959இல் அதற்கு மேல் ஓர் ஆணையம் வந்தது. 1960இல் விடுதிகளுக்குள் நுழையக் கூடாதவர்களின் 'கறுப்புப் புத்தகம்' பதினொரு பெயர்களோடு வெளியானது. இவை கும்பலை அடக்கும் நடவடிக்கைகளாகவே அறிவிக்கப்பட்டன. ஆனால் 1955ஆம் ஆண்டுச் சட்டம் விடுதியின் ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியே உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. பங்குச் சந்தையில் ஆயிரக்கணக்கான பங்குதாரர்களைக் கொண்ட எந்தப் பெருநிறுவனத்தாலும் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. கும்பலைத் தடுக்கப் போட்ட வேலி, கும்பலுக்குப் போட்டியாக வந்திருக்கக்கூடிய மூலதனத்தையே வெளியில் நிறுத்தியது. ஐந்தாறு பேர் பெயரில் பங்குகளைக் காட்டி, பின்னால் ஐம்பது பேர் பணம் போட்டிருக்கும் முறைக்கு அந்த வேலி எந்த இடைஞ்சலும் தரவில்லை.

லாரி ஓட்டுநர்களின் ஓய்வூதியம்

1950இல் 24,624ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 1960இல் 64,405 ஆயிற்று. 1955இல் மட்டும் ரிவியரா, டியூன்ஸ், ராயல் நெவாடா, மூலன் ரூஷ் ஆகியவை திறந்தன; தேவைக்கு மேல் கட்டிவிட்டதால் சில உடனே தடுமாறின. அதே ஆண்டு ஜூலையில், ஸ்டார்டஸ்ட் விடுதியைக் கட்டிக்கொண்டிருந்த டோனி கார்னெரோ டெசர்ட் இன்னின் பகடை மேசையருகே ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அரைகுறைக் கட்டடத்தை டாலிட்ஸின் வட்டம் எடுத்து 1958இல் திறந்தது. மதுவிலக்குக் காலத்துப் பணம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. லாஸ் வேகாஸ் வங்கியின் பாரி தாமஸ் 1950களின் நடுவிலிருந்து விடுதிகளுக்குக் கடன் கொடுத்தார் என்றாலும், ஒரு சிறிய உள்ளூர் வங்கியின் கை எவ்வளவு தூரம் நீளும்?

அடுத்த ஊற்று டீம்ஸ்டர்ஸ் எனப்படும் லாரி ஓட்டுநர் தொழிற்சங்கத்தின் மத்திய மாநிலங்கள் ஓய்வூதிய நிதி. ஓட்டுநர்களுக்காக முதலாளிகள் வாரந்தோறும் செலுத்திய தொகை அங்கே மலைபோலச் சேர்ந்தது. சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபாவின் சொல்லுக்கு அந்த நிதியின் அறங்காவலர்கள் கட்டுப்பட்டனர். லாஸ் வேகாஸில் அதன் முதல் பெரிய கடன் சூதாட்டத்துக்குப் போகவில்லை, மருத்துவமனைக்குப் போனது. டாலிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் எழுப்பிய சன்ரைஸ் மருத்துவமனைக்கு நிதி 10 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. பிறகு அந்த வட்டமே கோல்ஃப் மைதானத்தையும், வீட்டு மனைகளையும், 1968இல் ஒரு பேரங்காடியையும் கட்டியது. நகரத்தின் வளர்ச்சியில் கும்பலின் பங்கு என்று பேசும்போது இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நோயாளி படுத்த கட்டிலிலும் குடும்பம் வாங்கிய வீட்டிலும் அந்தப் பணம் கலந்திருந்ததால்தான், நகரின் மரியாதைக்குரியவர்கள் டாலிட்ஸைக் கொடையாளராகப் பார்த்தனர். அவர் 1989இல் முதுமையில் இயற்கை மரணமே எய்தினார்.

1966இல் ஜே சார்னோ திறந்த சீசர்ஸ் பேலஸ் ஓய்வூதியக் கடனில் எழுந்தது. கடன்களின் வாசலில் காவல் நின்றவர் சிகாகோ கும்பலோடு நெருக்கமான ஆலன் டார்ஃப்மன். வங்கிக் கடனில் ஈடும் வட்டியும் பேசப்படும். இங்கே அவற்றோடு, யாரை நிர்வாகியாக வைப்பது, பணத்தை எண்ணும் அறைக்குள் யாரை விடுவது என்பதும் பேசப்பட்டது.

ஆடை எடுக்கும் கலை

பாலைக் காய்ச்சி மேலே படியும் ஆடையை வழித்தெடுத்துவிட்டு மீதியை அளந்து காட்டுவதைப் போன்றது 'ஸ்கிம்' என்று அவர்கள் அழைத்த வேலை. ஒவ்வொரு ஆட்ட மேசைக்கும் அடியில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். ஆட்டக்காரர் கொடுக்கும் நோட்டுகள் மேசையிலுள்ள ஒரு துவாரத்தின் வழியே அதற்குள் விழும். பணிமுறை மாறும்போது பெட்டிகள் எண்ணும் அறைக்குப் போகும். பேரேட்டில் தொகை எழுதப்படுவதற்கு முன்னர் சில கட்டுகள் ஒதுக்கப்பட்டால், அந்தப் பணம் வரித்துறையைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. அதை ஒரு தூதுவர் பெட்டியில் வைத்துச் சிகாகோவுக்கோ கிளீவ்லாந்துக்கோ கன்சாஸ் சிட்டிக்கோ கொண்டுசெல்வார். மேசைக்குச் சூதாட்டச் சில்லுகள் நிரப்பியதாகப் பொய்ச் சீட்டு எழுதி வரவைக் குறைப்பது இன்னொரு வழி. கடனில் ஆடியவரிடம் ரகசியமாகப் பணத்தை வசூலித்துவிட்டு வாராக் கடனாகக் காட்டுவது மூன்றாவது.

இதில் ஏமாற்றப்பட்டவர் ஆட்டக்காரர் அல்லர். ஆட்டம் ஒழுங்காகவே நடந்தது, நடந்தாக வேண்டும் என்பதில் கும்பலும் கண்டிப்பாக இருந்தது. இழந்தவர்கள் வரி வாங்கும் அரசும், கணக்கில் காட்டப்பட்ட பங்குதாரர்களும், கடைசியில் கடன் கொடுத்த ஓய்வூதிய நிதியின் ஓட்டுநர்களும்தாம். 1960 முதல் 1967 வரை ஃபிளமிங்கோவிலிருந்து 3.6 கோடி டாலர் வழித்தெடுக்கப்பட்டதாக லான்ஸ்கி உள்ளிட்டோர் மேல் மத்திய அரசு பின்னர் குற்றம் சாட்டியது. இதைத் தடுப்பதாகச் சொல்லி, 1960களின் தொடக்கத்தில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விடுதி அலுவலகங்களில் நீதிமன்ற அனுமதியின்றி ஒட்டுக்கேட்புக் கருவிகளை ஒளித்துவைத்தது. விவரங்கள் குவிந்தன, முறைகேடாகப் பெற்றவை என்பதால் அவற்றை வழக்கில் பயன்படுத்த வழியில்லை.

ஸ்டார்டஸ்ட், 1974 முதல்

1974இல் ஆலன் கிளிக் என்ற இளம் மனை வணிகர், 6.275 கோடி டாலர் ஓய்வூதியக் கடனில் ஸ்டார்டஸ்டையும் ஃபிரிமான்டையும் வாங்கினார். அவ்வளவு பெரிய கடன் ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டதாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். கன்சாஸ் சிட்டியில் ஒரு விடுதி அறையில் அந்த ஊர்க் கும்பலின் தலைவர் நிக் சிவெல்லாவைச் சந்தித்தபோது, கடனை வாங்கித் தந்த வகையில் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று மிரட்டப்பட்டதாகவும் சாட்சியம் அளித்தார். விடுதிகளை உண்மையில் நடத்தியவர் சிகாகோவின் ஆளான ஃபிராங்க் ரோசென்தால். 1976இல் அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. பதவியின் பெயரை உணவு மேலாளர் என்றும் கேளிக்கை இயக்குநர் என்றும் மாற்றிக்கொண்டு அவர் அங்கேயே இருந்தார். 1978 டிசம்பரில் அவரை மறுபடியும் நிராகரித்த ஆணையத்தின் தலைவர், பிற்காலத்தில் செனட் பெரும்பான்மைத் தலைவரான ஹாரி ரீட்.

ஸ்டார்டஸ்டில், நாணயம் போட்டு ஆடும் காசுப் பொறிகளின் வரவை எண்ணுவதில்லை, நிறுப்பார்கள். எடைக் கருவியைக் குறைத்துக் காட்டும்படி திருத்தினால் மிச்ச நாணயங்கள் கணக்குக்கு வெளியே நிற்கும். டன் கணக்கில் நாணயத்தைக் கட்டடத்துக்கு வெளியே கடத்த முடியாது என்பதால், சூதாட்டக் கூடத்திலேயே ஒரு ரகசியச் சில்லறை அறை வைத்து, ஆட வந்தவர்களிடமே நாணயங்களைக் கொடுத்து நோட்டுகளாக மாற்றிக்கொண்டார்கள். 1976 மே மாதம் வாரிய அதிகாரிகள் சோதனையிட்டு இதைப் பிடித்தனர். போன தொகை 70 லட்சம் டாலருக்குக் குறையாது என மதிப்பிடப்பட்டது. காசுப் பொறிப் பிரிவின் பொறுப்பாளர் தலைமறைவானார்.

வழக்கை முடிவுக்குக் கொண்டுவந்த ஆதாரம் லாஸ் வேகாஸில் கிடைக்கவில்லை. கன்சாஸ் சிட்டியில் உள்ளூர்க் கும்பல் மோதல் ஒன்றைத் துப்புத்துலக்கவே 1978இல் எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதியோடு ஒட்டுக்கேட்டது. பேச்சு டிராப்பிகானா பக்கம் திரும்பியது. அந்த ஆண்டு நவம்பரில், ஒரு வீட்டின் அடித்தள அறையில் கூடிய சிவெல்லாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும், சூதாட்ட நிர்வாகி கார்ல் தாமஸ் எந்தெந்த வழியில் பணத்தை வழித்தெடுக்கலாம், எதில் ஆபத்து குறைவு என்பதை மணிக்கணக்கில் பாடம்போல விளக்கினார்; கருவி அத்தனையையும் பதிந்துகொண்டது. 1979 பிப்ரவரி 14 அன்று தூதுவர் ஒருவர் 80,000 டாலரோடு கன்சாஸ் சிட்டி விமான நிலையத்தில் பிடிபட்டார். 1960களில் செல்லாத ஒட்டுக்கேட்பு 1970களின் இறுதியில் செல்லுபடியானதற்கு, நீதிமன்ற அனுமதியோடு ஒட்டுக்கேட்க வழிசெய்த 1968ஆம் ஆண்டுச் சட்டமும், கும்பலை ஒரே அமைப்பாகக் கொண்டு வழக்குத் தொடர வகைசெய்த 1970இன் ரிக்கோ சட்டமும் காரணம்.

டார்ஃப்மனும் சங்கத் தலைவர் ராய் வில்லியம்ஸும் ஒரு செனட்டருக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கில் 1982 டிசம்பரில் குற்றவாளிகளாயினர். தண்டனை அறிவிக்கப்படும் முன், 1983 ஜனவரியில் டார்ஃப்மன் சிகாகோ அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். வில்லியம்ஸ் அரசுத் தரப்புச் சாட்சியானார். விடுதிப் பணத்தை வழித்தெடுத்த வழக்கில் 1986 ஜனவரியில் சிகாகோத் தலைவர்கள் ஜோசஃப் அயூப்பாவும் ஜான் செரோனும் குற்றவாளிகளாயினர். கும்பலின் அடியாளாக 1971 முதல் லாஸ் வேகாஸில் இருந்த டோனி ஸ்பிலோட்ரோவின் உடல் அதே ஆண்டு ஜூனில் இண்டியானாவின் ஒரு மக்காச்சோளக் காட்டில், அவருடைய தம்பியின் உடலோடு தோண்டியெடுக்கப்பட்டது. கிளிக் போன பிறகு ஸ்டார்டஸ்டை எடுத்தவர்களும் அதே பழக்கத்தைத் தொடர்ந்ததால் 30 லட்சம் டாலர் அபராதம் கட்டினர். விடுதி பாய்ட் குடும்பத்தின் கைக்கு மாறியது. கும்பல் இருந்த காலத்தில் ஊர் பாதுகாப்பாக இருந்தது என்று அங்குள்ள முதியவர்கள் சிலர் இன்றும் சொல்வதை, இந்த உடல்களின் கணக்கை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஊரின் மேற்குப் பகுதியில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களையும் 1960 வரை அந்த விடுதிகள் வாடிக்கையாளராக உள்ளே விடவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

மாற்று மூலதனம்

தண்டனைகள் கும்பலின் கதவை அடைத்தன. அந்தக் கதவு அப்போது ஏற்கெனவே அவ்வளவு தேவையற்றதாகிவிட்டிருந்தது. 1966 நவம்பரில் டெசர்ட் இன்னின் மேல்தளத்தில் குடியேறிய கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், காலி செய்யச் சொன்னபோது 1967இல் அந்த விடுதியையே வாங்கினார். சாண்ட்ஸ், ஃபிரான்டியர் என்று அடுத்தடுத்து வாங்கிக்கொண்டே போனார். ஒற்றை முதலாளி என்பதால் பழைய சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் ஆளுநர் பால் லாக்ஸால்ட் காலத்தில் சட்டம் திருத்தப்பட்டு, 1969இல் மேலும் தளர்த்தப்பட்டது; பெரும்பங்கு வைத்திருப்போரும் நிர்வாகிகளும் உரிமம் பெற்றால் போதும் என்றானது. ஹில்டன் போன்ற நிறுவனங்கள் உள்ளே வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இந்தத் திருத்தம் வந்திருந்தால் ஓய்வூதிய நிதியின் கடன்களுக்கு அவ்வளவு இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

1989 நவம்பரில் ஸ்டீவ் வின் 63 கோடி டாலர் செலவில் மிராஜைத் திறந்தார். ஓய்வூதிய நிதியின் இடத்தில் இப்போது வால் ஸ்ட்ரீட் நின்றது. மைக்கேல் மில்கன் சந்தைப்படுத்திய, அதிக வட்டி தரும் 'ஜங்க் பாண்ட்' எனப்பட்ட கடன் பத்திரங்கள் அந்த விடுதியை எழுப்பின. ஐந்து மாதங்கள் கழித்து, 1990 ஏப்ரலில், பங்குப் பத்திரச் சட்டங்களை மீறியது உள்ளிட்ட ஆறு குற்றங்களை மில்கன் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மிராஜின் ஆட்ட மேசைகள் அன்றும் நிரம்பியிருந்தன.